கருமருந்துக்கு மாற்று: எடையா, கொள்ளளவா?

வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் என்னும் மூன்றும் கூடிய பழைய வெடிமருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே படைகளிடமிருந்து விடைபெறத் தொடங்கிவிட்டது. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதன் வாழ்வு இன்னும் முடிந்துவிடவில்லை. 1873-ஆம் ஆண்டின் கோல்ட் ரிவால்வரையோ அதனைப் பார்த்துச் செய்த நகலையோ வைத்திருப்போர் பலர், சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் திரட்டி எடுத்துச் சென்று, தம் வீட்டு மேசையிலேயே அவற்றை மீண்டும் நிரப்பிக்கொள்கின்றனர். அந்நாட்டில் அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்காகும். 1980-களில் கலிபோர்னியாவில் வேர்கொண்ட பழங்காலப் பாணிச் சுடும் போட்டிகள் இவ்வழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தன. அவர்களுள் சிலர் பழைய மருந்தையே இடுகின்றனர். வேறு பலர் அதற்கு மாற்றாக விற்கப்படும் புதிய மருந்துகளை இடுகின்றனர்.

இம்மாற்று மருந்துகளைப் பற்றியே இங்குக் கூற வேண்டியுள்ளது. டப்பாவின் முகப்பில் ‘கருமருந்துக்கு மாற்று’ என்று பெரிய எழுத்தில் உள்ளது. எந்த அளவையால் மாற்று என்பது சிறிய எழுத்தில், டப்பாவின் பின்புறம் உள்ளது. நிறையால் மாற்றா, கொள்ளளவால் மாற்றா, ஆற்றலால் மாற்றா என்பன வெவ்வேறு வினாக்கள். அவற்றுக்கு விடைகளும் வெவ்வேறானவை. இவ்விடையைக் குழப்புவது ‘கிரெயின்’ என்னும் ஒரு சொல். இச்சொல்லை வெடிமருந்தின் கொள்ளளவைக் குறிப்பதற்குப் பயன்படுத்தும் வழக்கம் ஒழிக்கப்படவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழில் ‘மாற்று’ என்ற சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒன்றுக்குப் பதிலாக நிற்பதும் மாற்று. பொன்னின் தரமும் மாற்று. ஆனால் பொன்னின் மாற்றை எவரும் வாய்ச்சொல்லால் ஏற்பதில்லை. கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்த்த பின்னரே ஏற்கின்றனர். வெடிமருந்தின் மாற்றையும் அவ்வாறு உரைத்துப் பார்ப்பதே தக்கது.

முதலில் பழைய அளவு எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். 1873-இல் அமெரிக்கத் தரைப்படை கோல்ட் நிறுவனத்தின் ஆறு குண்டு ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. அதன் 45 காலிபர்த் தோட்டாவில் முதலில் இடப்பட்ட கருமருந்து 40 கிரெயின். ஈயக் குண்டின் நிறை ஏறக்குறைய 255 கிரெயின். ஒரு பவுண்டு 7,000 கிரெயின் கொண்டது. ஆகவே 40 கிரெயின் என்பது ஏறத்தாழ 2.6 கிராம். அவ்வளவு மருந்தின் உதைப்பு குதிரைவீரனின் கைக்கு மிகையாக இருந்தமையால், படையினருக்கான தோட்டாவில் மருந்து விரைவிலேயே 30 கிரெயினாகவும், பின்னர் 28 ஆகவும் குறைக்கப்பட்டது. எனினும் மக்கள் நினைவில் நிலைத்தது 40 என்னும் எண்ணே. இன்று ஒருவர் அந்த 40-ஐ வேதவாக்காகக் கொண்டு தோட்டா நிரப்ப முனைந்தால், முதல் கூட்டிலேயே இடர்ப்படுவார். பழைய கூட்டின் அடிப்பகுதி மெல்லியதாகவும் உள்ளே குடைவாகவும் இருந்தது. இன்றைய கூட்டின் அடிப்பகுதி திண்மையானது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்ளே கொள்வது ஒன்றன்று. நன்றாக அழுத்தினாலன்றிப் பழைய 40 புதிய கூட்டில் அடங்காது. மருந்தை மாற்றுவதற்கு முன்னரே, கூடு மாறியதாலேயே எண் பொருளிழந்துவிட்டது.

இனி, ‘கிரெயின்’ என்ற சொல்லின் மூன்று வேடங்கள்.

ஆங்கிலத்தில் அது ஒரு தானியமணியைக் குறிக்கும் சொல். அம்மணியின் நிறையே எடையலகாயிற்று. தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் ‘நெல்லெடை’, ‘குன்றிமணி’ என்று வழங்கியது போன்றதே இது. இது முதல் வேடம். அடுத்து, கருமருந்தின் துகளுக்கும் அதே பெயர். பருமணி, நடுமணி, நுண்மணி எனத் துகள்கள் சலித்துப் பிரிக்கப்படுகின்றன. நுண்மணி விரைந்து எரியும், பருமணி மெல்ல எரியும். ரிவால்வருக்கு இடுவது பெரும்பாலும் நுண்மணியே. இவ்விரண்டு பொருள்களால் பெரிய கேடு விளைவதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

மூன்றாவது வேடமே ஏமாற்றுவது. கருமருந்தைத் தராசில் நிறுக்காமல், கோடிட்ட பித்தளைக் குழாயில் முகந்து இடுவது பழைய வழக்கம். அக்குழாயின் கோடுகளில் 20, 30, 40 என்று ‘கிரெயின்’ எண்களே பொறிக்கப்பட்டன. கருமருந்தைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை: ஒரு கன சென்டிமீட்டர்க் கருமருந்தின் நிறை ஏறக்குறைய ஒரு கிராம், அது ஓரளவு மாறாதது. ஆதலின் 40 என்னும் கோடுவரை முகந்தால் ஏறத்தாழ 40 கிரெயின் நிறையுள்ள மருந்து வரும். அதே குழாயில் வேறொரு மருந்தை அதே கோடுவரை முகந்தால் வருவது 40 கிரெயின் அன்று. எனினும் அதனையும் ‘40 கிரெயின்’ என்றே அந்நாட்டு வழக்கு கூறுகிறது. வேண்டுமெனில் ‘கொள்ளளவால்’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொள்கிறது. அவ்வடைமொழி வாய்ப்பேச்சில் உதிர்ந்துவிடுகிறது. கையால் எழுதிய குறிப்பில் விடுபட்டுவிடுகிறது. எஞ்சுவது எண் மட்டுமே.

ஒரு படி நெல்லும் ஒரு படி அவலும் ஒரே நிறையுடையன என்று எந்தக் கடைக்காரரும் சாதிக்கமாட்டார். அவற்றை விற்பதில் பிழை நேர்ந்தால் நட்டம் சில காசுகளோடு போகும். மருந்தை அளப்பதில் நேரும் பிழை அவ்வாறு போவதில்லை.

இவ்விடத்தில் கருமருந்தின் இயல்பு ஒன்றைக் கூறவேண்டும். ஏனெனில் மாற்று மருந்துகள் யாவும் இவ்வியல்பையே பின்பற்ற முயல்கின்றன. கருமருந்தை இட்ட தோட்டாவுக்குள் காற்றிடம் இருக்கலாகாது. கூடு நிறைய மருந்து இருந்து, குண்டு அதன்மேல் சற்று அழுத்தி அமரவேண்டும். எனவே கூடே அளவுகோலாகிவிடுகிறது. இருமுறை மருந்து இட எவரேனும் மறதியால் முற்பட்டால், அது வழிந்து மேசையில் சிந்திவிடும். மேலும் அம்மருந்து எரிகையில் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதியே வாயுவாகிறது. எஞ்சிய பகுதி புகையாகவும் கசடாகவும் திண்ம நிலையிலேயே வெளிப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோபிள், ஏபெல் என்னும் இங்கிலாந்து அறிஞர்கள் அடைத்த கலங்களில் வெடிமருந்தை எரித்து இதனைக் கண்டறிந்தனர். படைத்தலைவர்களைச் சலிப்படையச் செய்த இப்புகையும் கசடும், துப்பாக்கியைப் பொறுத்தவரை ஒருவகைக் காப்பாகவும் இருந்தன என்று கூறுவது மிகையாகாது. நூறு பங்கு மருந்தில் நாற்பத்து மூன்று பங்கு மட்டுமே வாயுவாகும்பொழுது, அது உருளையின் சுவர்மீது செலுத்தும் அழுத்தமும் ஓர் எல்லைக்குள் அடங்குகிறது.

புகையற்ற மருந்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1884-இல் பிரான்சில் பால் வியேய் உருவாக்கியதும், 1887-இல் ஆல்பிரட் நோபெல் காப்புரிமை பெற்ற பாலிஸ்டைட்டும், 1889-இல் இங்கிலாந்தில் பிறந்த கார்டைட்டும் நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்டவை. அவை ஏறக்குறைய முழுவதும் வாயுவாகின்றன. அழுத்தம் கூடக்கூட அவை எரியும் வேகமும் கூடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. 45 கோல்ட் தோட்டாவில் விரைந்து எரியும் புகையற்ற மருந்தை இடுவோர் பத்துக் கிரெயினுக்கும் குறைவாகவே இடுகின்றனர். கூட்டின் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். அதே கூட்டைப் பழைய வழக்கப்படி வாய் நிரம்ப நிரப்பினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. இன்றைய அமெரிக்கத் தரவிதி இத்தோட்டாவின் உச்ச அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு என்று வரையறுத்துள்ளது. வாய் நிரம்பிய புகையற்ற மருந்து அவ்வரையறையைப் பன்மடங்கு கடந்துவிடும். உருளை பிளந்து, மேற்பட்டை பறந்து, பிடித்திருந்த கையும் அருகில் நின்றவரின் கண்ணும் ஊறுபடும். கோல்ட் நிறுவனமே தன் பழைய மாதிரி ரிவால்வர் புகையற்ற மருந்தைத் தாங்கும் என்று உறுதி கூறத் தொடங்கியது 1900-ஆம் ஆண்டு அளவில்தான். அதற்கு முற்பட்டவற்றின் இரும்பும் எஃகும் வேறு காலத்தின் தேவைக்குச் செய்யப்பட்டவை.

இம்மயக்கம் புதியதன்று. புகையற்ற மருந்து வேட்டைக்காரரிடம் முதலில் சென்றபொழுது, அவர்கள் கையில் இருந்தது பழைய முகத்தல் அளவு மட்டுமே. அதனை எறிந்துவிட்டு நுண்தராசு வாங்குங்கள் என்று சொல்லி எந்த வணிகரும் பிழைக்க இயலாது. ஆகவே, கொள்ளளவுக்குக் கொள்ளளவாகக் கருமருந்தின் இடத்தில் இடத்தக்க ‘பருத்த’ மருந்துகள் செய்யப்பட்டன. பிரஷியப் பீரங்கிப்படை அதிகாரி ஷுல்ட்ஸ் மரத்திலிருந்து செய்த மருந்து இவ்வகையில் முன்னோடி. ஆனால் பாலிஸ்டைட் போன்ற ‘செறிந்த’ மருந்துகளும் அதே கடைகளில் விற்கப்பட்டன. அவற்றை நிறுத்தே இடவேண்டும். இரண்டும் ‘புகையற்ற மருந்து’ என்ற ஒரே பெயரில் உலவின. இதனால் விளைந்த இடரைக் குறைப்பதற்காகவே, சிதறுகுண்டுத் தோட்டாப் பெட்டிகளில் ‘இத்தனை டிராம் கருமருந்துக்கு நிகர்’ என்று அச்சிடும் முறை தோன்றியது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருக்கும் மருந்தின் நிறையை அவ்வெண் குறிப்பதில்லை. அத்தனை டிராம் கருமருந்து என்ன வேகம் தருமோ அந்த வேகத்தையே குறிக்கிறது. கருமருந்தின் பொதுவழக்கு ஒழிந்து நெடுங்காலமாகியும், சில பெட்டிகளில் அவ்வாசகம் இன்றும் காணப்படுகிறது. வாங்குவோரில் எத்தனை பேர் அதன் பொருளை அறிவர்?

இனி இக்காலத்து மாற்று மருந்துகளுக்கு வருவோம். 1970-களில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த டான் பாவ்லக் என்பவர் ‘பைரோடெக்ஸ்’ என்னும் மருந்தை உருவாக்கினார். கருமருந்தின் மூன்று பொருள்களோடு பொட்டாசியம் பெர்க்குளோரேட் முதலிய வேறு சிலவற்றையும் சேர்த்தது அது. தீப்பொறிக்குக் கருமருந்தைப் போல எளிதில் இரையாகாது என்பதே அதன் பெருமை. எனினும் பிறவி அபாயம் எதனையும் முற்றிலும் விட்டுவிடுவதில்லை. 1977 ஜனவரியில் இஸ்ஸக்வா நகரில் இருந்த அவருடைய ஆலையில் நேர்ந்த விபத்தில் பாவ்லக்கும் உடன் பணியாற்றியோர் சிலரும் உயிரிழந்தனர். அதன் பின்னர் ஹாட்ஜ்டன் நிறுவனம் கேன்ஸஸ் மாநிலத்தில் அம்மருந்தின் உற்பத்தியை மேற்கொண்டது.

பைரோடெக்ஸ், கருமருந்தைவிட நூற்றுக்கு முப்பது பங்கு அளவுக்கு நிறை குறைந்தது. கருமருந்தின் கொள்ளளவுக்குச் சமமான கொள்ளளவில் இட்டால் ஏறக்குறைய அதே வேகம் கிட்டும் வகையில் அது வகுக்கப்பட்டது. அதாவது, குழாயில் ‘40’ என்னும் கோடுவரை முகந்த பைரோடெக்ஸின் உண்மை நிறை 28 கிரெயின் அளவே. இப்பொழுது ஒரு புதியவரை எண்ணிப் பாருங்கள். புகையற்ற மருந்தை நிறுத்தே இடவேண்டும் என்று படித்தவர் அவர், எச்சரிக்கை மிகுந்தவர். பழைய நூலில் ‘40 கிரெயின்’ என்று கண்டு, நுண்தராசில் 40 கிரெயின் பைரோடெக்ஸை நிறுத்து எடுக்கிறார். அவர் எடுத்தது குழாய்க் கணக்கில் 57-க்கு நிகரானது. வேண்டியதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தோட்டாக் கூட்டில் அது கொள்ளாது என்பதால் அவர் தப்பலாம். வாய்வழியே மருந்திடும் நீண்ட துப்பாக்கியில் அந்தக் காப்பும் இல்லை. இங்கே அலட்சியம் காட்டியவர் அல்லர், கவனம் காட்டியவரே தவறுகிறார் என்பது நோக்கத்தக்கது. சொல் தெளிவாக இல்லாவிடத்துக் கவனமே வினையாக முடியும்.

எல்லா மாற்று மருந்துகளுக்கும் ‘கொள்ளளவுக்குக் கொள்ளளவு’ என்ற விதியாவது பொதுவா எனில், அதுவும் இல்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட ‘ட்ரிபிள் செவன்’ என்னும் கந்தகமற்ற மருந்து, கொள்ளளவு சமமாயினும் ஆற்றல் மிகுந்தது. கருமருந்துக்குரிய வேகமே வேண்டுவோர் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைத்து இடவேண்டும் என்பது செய்தோரின் அறிவுரை. கருமருந்தைப்போல் அதனை இறுக்கி அழுத்துவதும் ஆகாது. அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது நெல்லிக்கனியில் மிகுந்துள்ள வைட்டமின் சி-யை, எரிபொருளாகக் கொண்ட வேறு சில மருந்துகளும் வந்தன. அவற்றின் நிறையும் அழுத்தம் தாங்கும் இயல்பும் வேறு. இவ்வாறாக, ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நிற்கும் மருந்துகள் ஒன்றுக்கொன்றே மாற்றாக மாட்டா. பழைய மருந்துக்கு எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு ‘மாற்று’ என்ற சொல்லை நம்பிச் செல்பவர், டப்பாவுக்கு டப்பா வேறுபடும் விதிகளை ஒரே விதியென எண்ணிச் செல்கிறார்.

பெயரிடுவதில் நேர்மைக்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. அது இந்தியாவோடும் தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் வெடியுப்பு பெரும்பாலும் பீகாரிலிருந்து இங்கிலாந்து வழியாகவே சென்றது. பீகாரின் நோனியா மக்கள் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பே அது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபொழுது லம்மாட் டுபான்ட் என்பவர் வடமாநில அரசின் சார்பில் இலண்டன் சென்று, கிடைத்த வெடியுப்பை எல்லாம் வாங்கிக் கப்பல்களில் ஏற்றினார். பாமர்ஸ்டன் அரசு அதனைத் தடுத்து நிறுத்தியது. ‘டிரெண்ட்’ கப்பல் விவகாரத்தில் சிறைப்பட்ட தென்மாநிலத் தூதர்களை அமெரிக்கா விடுவித்த பின்னரே தடை நீங்கியது. இதே லம்மாட் டுபான்ட் 1857-இலேயே, தென்னமெரிக்காவின் சோடா உப்பைக் கொண்டு மலிவான வெடிமருந்து செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது வெடியுப்பு மருந்துக்கு உண்மையான மாற்றே. ஆயினும் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதால் துப்பாக்கிக்கு ஆகாது, சுரங்கத்துக்கே ஏற்றது. ஆகவே சுரங்க மருந்துகளில் பழையதை ‘ஏ’ என்றும் புதியதை ‘பி’ என்றும் தனித்தனியே பெயரிட்டு விற்றனர். வேறான பொருளுக்கு வேறான பெயர்: இவ்வளவு எளிய ஒழுங்கை இக்காலம் பின்பற்றாதது வியப்பே.

அளவையில் மட்டுமன்றி, துப்புரவிலும் இச்சொல் மயக்குகிறது. கருமருந்தின் கசடு பொட்டாசிய உப்புகளால் ஆனது. காற்றின் ஈரத்தை ஈர்த்து எஃகை அரிக்கும். சில சுற்றுகள் சுட்டவுடன் ரிவால்வரின் உருளை அச்சில் இறுகிச் சுழல மறுப்பதும் இக்கசடாலேயே. அதனால்தான் குண்டின்மீது தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும் கலந்த மெல்லிய பசையைப் பூசுவது வழக்கம். அது கசடை இளக்கி வைக்கும். பெட்ரோலியப் பசைகள் கசடோடு கூடித் தார்போல் இறுகிவிடும். (1857-இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த என்ஃபீல்டுத் தோட்டாவின் கொழுப்பும் இத்தொழிலுக்கு உரியதே. உறையில் பூசியது எந்த விலங்கின் கொழுப்பு என்பது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்படவில்லை. அதன் விளைவை வரலாறு அறியும்.) சுட்டு முடித்ததும் வெந்நீரால் குழலையும் கூடுகளையும் கழுவி உலர்த்தி எண்ணெயிடுவது முன்னோர் முறை. மாற்று மருந்து வாங்கியோர் பலர், புகை குறைவு, அழுகிய முட்டை நாற்றம் இல்லை, ஆகவே அரிப்பும் இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். பெர்க்குளோரேட் எரிந்தால் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. சமையலுப்பின் உடன்பிறப்பு அது. புகையற்ற மருந்துக்கென விற்கப்படும் கரைப்பான்களில் அவ்வுப்பு கரைவதில்லை, நீரில்தான் கரையும். கண்ணுக்குப் பளபளக்கும் குழல் சில நாள்களில் துருவேறிக் காட்சி தரும். ‘குறைந்த கசடு’ என்ற விளம்பரம் பொய்யன்று. ‘துப்புரவு வேண்டா’ என்று வாங்குவோர் படித்துக்கொண்டதே பொய்.

இவ்வாதத்துக்கு மறுப்புரை இல்லாமல் இல்லை. ‘கொள்ளளவால் அளக்கவும்’ என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறோமே என்பர் செய்வோர். எழுதியிருப்பது உண்மை. ஆனால் அதே வரியிலோ அடுத்த வரியிலோ ‘கிரெயின்’ என்ற எடைப்பெயரும் நிற்கிறது; எச்சரிக்கையையும் அது எச்சரிக்கும் பொருளையும் ஒரே சொல்லால் எழுதுவது எங்ஙனம் பயன் தரும்? பயின்றவர் எவரும் தவறமாட்டார் என்பது மற்றொரு மறுப்பு. அதுவும் உண்மையே, அட்டவணைகள் பயின்றவருக்காக அச்சிடப்படுவதில்லை. மூன்றாவதாக, கருமருந்தையும் புகையற்ற மருந்தையும் பார்த்த அளவிலேயே வேறுபடுத்தலாம் என்பர். இது ஏற்கத்தக்கதன்று. புகையற்ற மருந்துகள் பலவற்றின்மீது காரீயகம் பூசப்படுகிறது; அவை கருமையாகவே தோன்றும். கருநிறமான மருந்தெல்லாம் கருமருந்து என்று கொண்டு பழைய துப்பாக்கிகளைப் பிளந்தோர் உண்டு. ‘கருமருந்து’ என்பது நிறத்தின் பெயரன்று. ஒரு கலவையின் பெயர்.

சட்டமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. அமெரிக்கச் சட்டம் கருமருந்தை முழுமையான வெடிபொருளாகக் கருதுகிறது. கடைக்காரர் அதனை வைத்திருக்கத் தனிக் காப்பறையும் உரிமமும் வேண்டும். மாற்று மருந்துகளுக்கு விதிகள் இளக்கமானவை. எனவே சிறிய கடைகள் பலவற்றில் மாற்று மருந்து மட்டுமே இருக்கும். இவ்வேறுபாடு நியாயமானதே, சிறு பொறிக்கும் பற்றிக்கொள்ளும் பொருளுக்குக் கடுங்காவல் தேவை. ஆனால் அதன் பயனாக, கருமருந்து கேட்டுச் செல்பவரின் கையில் கடையில் இருப்பது எதுவோ அதுவே வந்து சேருகிறது. அட்டவணையோ பழைய மருந்துக்குரியதாகவே அவர் வீட்டில் இருக்கிறது. லூயிசியானாவில் கருமருந்து செய்துவந்த கோயெக்ஸ் ஆலையை 2021-இல் மூடுவதாக அறிவித்து, 2022-இல் அது வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிய இடைவெளியில் இந்நிலை மேலும் கூர்மையடைந்திருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே மேற்கூறிய பொழுதுபோக்குக்கு இங்கு இடமில்லை. எனினும் பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் அளிக்க அதே சட்டம் வழிசெய்துள்ளது. காட்டுப்பன்றியிடமிருந்து வயலைக் காக்கும் உழவர் இன்றும் கருமருந்தை முகந்தே இடுகிறார். அவர் கையில் அமெரிக்க அட்டவணையோ அதன் மொழிபெயர்ப்போ கிட்டும்பொழுது, ‘கிரெயின்’ என்பதைக் கிராம் என்று மாற்றுவதா, கன சென்டிமீட்டர் என்று மாற்றுவதா என்னும் வினா ஏட்டளவில் நின்றுவிடாது. மூலத்தில் எப்பொருள் என்று தெளியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எண்ணை மட்டும் பெயர்த்து எழுதிவிடுவது, பொறுப்பைப் படிப்பவர் தலையில் ஏற்றுவதாகும்.

படியையும் வீசையையும் விட்டுக் கிலோகிராமுக்கும் லிட்டருக்கும் மாறுவது இயலாது என்று இந்நாட்டிலும் ஒரு காலத்தில் பலர் கூறினர். 1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டம் வந்த சில ஆண்டுகளில் அரிசியும் பருப்பும் நிறைக்கே விற்கப்படலாயின. பாலும் எண்ணெயும் லிட்டருக்கே அளக்கப்படலாயின. எடை எது, கொள்ளளவு எது என்பதில் ஐயம் நீங்கியது. அமெரிக்கர் மெட்ரிக் முறைக்கு மனமிசைந்தவர் அல்லர் என்பது தெரிந்ததே. ஆயினும் தோட்டா நிரப்புவோருக்கென அந்நாட்டிலேயே செய்து விற்கப்படும் சிறு முகவைக் கரண்டிகள் பல, கன சென்டிமீட்டரிலேயே குறியிடப்பட்டுள்ளன. ஆகவே கருவி இல்லை என்ற சாக்கும் இல்லை.

செய்யவேண்டியவை சிலவே. முகத்தல் குழாய்களின் கோடுகளில் கன சென்டிமீட்டர் எண் மட்டும் இருக்கட்டும். கிரெயின் தராசுக்கே உரியதாகட்டும். ஒவ்வொரு மாற்று மருந்தின் டப்பா முகப்பிலும், ‘மாற்று’ என்ற சொல்லுக்குக் கீழே அதே பருமனான எழுத்தில், ஒரு கன சென்டிமீட்டர் மருந்தின் நிறை எத்தனை கிராம், கருமருந்தின் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈடாக எத்தனை கன சென்டிமீட்டர் இடவேண்டும் என்னும் இரண்டு எண்கள் அச்சிடப்படட்டும். பைரோடெக்ஸுக்கு இரண்டாம் எண் 1.0 ஆக இருக்கும். ட்ரிபிள் செவனுக்கு 0.85 ஆக இருக்கும். புகையற்ற மருந்தின் டப்பாவில் அவ்வெண்ணுக்கு உரிய இடத்தில் ஒரு குறுக்குக்கோடு மட்டுமே இருக்கவேண்டும்.